‘பாயின்ட் 32’ என்றால் எந்தத் தோட்டா? வாசகர் கேள்வி பதில்

கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் பெயர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். உரிமம் வைத்திருப்பவர்கள், வழக்கறிஞர்கள், குற்றச் செய்தி எழுதுபவர்கள், சுடுதல் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் எனப் பல தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை இணைத்துவிட்டோம்.

நான் நாளிதழில் துணை ஆசிரியர். ‘.32 மி.மீ. துப்பாக்கி’, ‘32 போர் ரிவால்வர்’, ‘பாயின்ட் 32 குண்டு’ என்று ஒரே பொருளைப் பற்றி மூன்று விதமாகச் செய்தி வருகிறது. எதை அச்சிடுவது?
(மதுரை)

முதல் இரண்டுமே தவறு. மூன்றாவது பாதி சரி.

எண்ணுக்கு முன்னால் புள்ளி இருந்தால் அது அங்குலக் கணக்கு. .32 என்பது ஒரு அங்குலத்தில் நூறில் 32 பங்கு, அதாவது சுமார் 8.1 மி.மீ. அதையே ‘.32 மி.மீ.’ என்று அச்சிட்டால் தையல் ஊசியைவிட மெல்லிய குண்டு என்று பொருளாகிவிடும். புள்ளி இல்லாமல் 9, 7.65, 6.35 என்று வந்தால் அது மில்லிமீட்டர். இரண்டையும் கலக்கக் கூடாது.

‘போர்’ (bore, அதாவது குழலின் உள்விட்டம்) என்ற சொல்லால் வரும் குழப்பம் வேறு வகை. 12 போர் என்று நாம் சொல்லும் வேட்டைத் துப்பாக்கியில் 12 என்பது அளவே இல்லை; எண்ணிக்கை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் குழலின் விட்டம்: சுமார் 18.5 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். அந்தக் கணக்கில் உண்மையான 32 போர் குழல் 13 மி.மீ.க்கும் மேல் இருக்கும். ரிவால்வரைப் பற்றி எழுதும்போது புள்ளியை விட்டுவிட்டு ‘32 போர்’ என்று எழுதினால் முற்றிலும் வேறொரு துப்பாக்கியைச் சொன்னதாக ஆகிவிடும்.

இனி குண்டு, தோட்டா விஷயம். தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரே உருப்படி. பெரும்பாலும் பித்தளையால் ஆன கூடு, அதன் அடியில் பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகியிருக்கும் குண்டு. சுத்தியல் பிரைமரைத் தட்டுகிறது, பிரைமர் தீப்பொறி விடுகிறது, மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டை மட்டும் வெளியே தள்ளுகிறது. கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும், அல்லது பக்கவாட்டில் தெறித்து விழும். ஆகவே உடலிலிருந்து எடுக்கப்பட்டது குண்டு. சம்பவ இடத்தில் தரையில் கிடந்தது காலிக் கூடு. சுடாமல் பைக்குள் இருந்தது தோட்டா. ‘உடலில் மூன்று தோட்டாக்கள் பாய்ந்தன’ என்று எழுதுவது பழக்கத்தில் வந்துவிட்டது என்றாலும், நீதிமன்றச் செய்தியில் இந்த வேறுபாடு முக்கியம். ஆய்வுக்கூடம் கூட்டின் அடியில் உள்ள சுத்தியல் தடத்தையும், குண்டின் மேல் உள்ள குழல் வரிகளையும் தனித்தனியாகத்தான் ஒப்பிடுகிறது.

.38 ஸ்பெஷல், .357 மேக்னம், .380, 9 மி.மீ. நான்கின் குண்டுகளும் ஏறக்குறைய ஒரே விட்டம் என்று ஒரு வழக்கில் நிபுணர் சாட்சி சொன்னார். பிறகு ஏன் நான்கு எண்கள்?
(வழக்கறிஞர், திருச்சி)

நிபுணர் சொன்னது சரி. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் .357 அங்குலம்; .380-ம் 9 மி.மீ. லூகரும் .355 அங்குலம். வேறுபாடு வெறும் 0.05 மி.மீ. பெயர்கள் பிரிந்ததற்குக் காரணம் 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

அன்றைய உலோகத் தோட்டாக்களில் குண்டின் விட்டமும் கூட்டின் வெளிவிட்டமும் ஒன்றே. குண்டின் பின்பகுதியை மட்டும் சற்றுச் செதுக்கிச் சிறிதாக்கி, அந்தப் பகுதியைக் கூட்டுக்குள் செருகுவார்கள். குண்டின் மேல் தடவிய மெழுகுக் கொழுப்பு கூட்டுக்கு வெளியே திறந்து கிடக்கும்; மண்ணும் தூசியும் அதில் ஒட்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க, கொழுப்புப் பள்ளங்களோடு குண்டு முழுவதையும் கூட்டுக்குள் இறக்கினார்கள். கூட்டுக்குள் இறங்க வேண்டுமானால் குண்டு கூட்டின் சுவர்த்தடிமன் அளவுக்குச் சிறுக்க வேண்டும் அல்லவா? .38 ஆக இருந்தது .357 ஆனது இப்படித்தான். கடைக்காரரும் வாங்குபவரும் பழகிப்போன ‘.38’ என்ற பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 1898-இல் வந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை அளந்து பாருங்கள், வெளிவிட்டம் .379 அங்குலம் இருக்கும். பெயர் குறிப்பது கூட்டைத்தான்.

.44-ம் இதே கதைதான். 1870-களில் ரஷ்ய ராணுவத்துக்காக அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்து கொடுத்த .44 ரஷ்யன் தோட்டாவில் குண்டு உள்ளே இறங்கி .429 அங்குலமானது. அதன் வழியில் வந்த .44 ஸ்பெஷலும், 1955-இன் .44 மேக்னமும் இன்றும் .429 தான். பழைய முறையில் இன்றும் மாறாமல் செய்யப்படுவது .22 லாங் ரைஃபிள். அதில் குண்டும் கூடும் ஒரே தடிமன். விரலால் தடவினாலே தெரியும்.

1935-இல் அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் புதிய, வலுவான தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது குண்டின் உண்மை விட்டத்தையே பெயராக வைத்தது: .357 மேக்னம். .38 ஸ்பெஷல் கூட்டின் நீளம் 29.3 மி.மீ.; .357 மேக்னம் கூடு 32.8 மி.மீ. மற்ற அளவுகள் ஒன்றே. வேண்டுமென்றேதான் நீட்டினார்கள். அமெரிக்கத் தர அமைப்பான ‘சாமி’யின் (SAAMI) வரம்புப்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னமுக்கு 35,000. இரு மடங்குக்கும் மேல். வலுவான தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்த 3.5 மி.மீ. நீளம். .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம். .38 ரிவால்வரில் .357 நுழையாது, நுழையவும் கூடாது.

நீளத்தை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1900-இல் வந்த .38 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் தோட்டாவும் 1929-இல் வந்த .38 சூப்பரும் வெளியளவில் ஒன்றே. அழுத்தத்தில் சூப்பர் மிகவும் மேலே. பழைய .38 ஏ.சி.பி. பிஸ்டலுக்குள் சூப்பர் தோட்டா தடையின்றிப் போய் உட்கார்ந்துகொள்ளும். சுட்டால் பிஸ்டலின் மேல்சட்டம் தாங்காது. இங்கே ஆளைக் காப்பது பெயர் மட்டும்தான். கூட்டின் அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் விட்டால் எந்த அளவுகோலும் உதவாது.

என் உரிமத்தில் ‘.32’ என்று மட்டுமே இருக்கிறது. தோட்டாக் கடையில் ‘ரிவால்வருக்கா, பிஸ்டலுக்கா?’ என்று கேட்கிறார்கள். இரண்டும் .32 தானே?
(திருநெல்வேலி)

கடைக்காரர் கேட்டது மிகச் சரியான கேள்வி. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும்; பிஸ்டலில் மேகசின் என்ற பெட்டியில் இருக்கும். நம் நாட்டில் தனியார் கையில் இருக்கும் கைத்துப்பாக்கிகளில் .32 தான் மிகுதி என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் சுடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங். மில்லிமீட்டர் கணக்கில் 7.65×23 என்றும் எழுதுவார்கள். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் ‘அஷானி’ பிஸ்டல் சுடுவது .32 ஏ.சி.பி. இதன் ஐரோப்பியப் பெயர் 7.65 பிரவுனிங், அளவு 7.65×17. ஏ.சி.பி. என்பது ‘ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்’ என்பதன் சுருக்கம். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது.

இரண்டின் குண்டும் சுமார் .312 அங்குலம், அதாவது 7.9 மி.மீ. கூட்டின் தடிமனும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடும் இடங்கள் மூன்று.

முதலாவது, நீளம். ஏ.சி.பி. கூடு 17.3 மி.மீ.; எஸ் அண்ட் டபிள்யூ லாங் கூடு 23.4 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணாலேயே தெரியும்.

இரண்டாவது, அடி விளிம்பு. ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் கூட்டைவிட அகன்ற விளிம்பு உண்டு, சுமார் 9.5 மி.மீ. உருளையின் துளைக்குள் தோட்டா முழுதும் விழுந்துவிடாமல் அந்த விளிம்பே தாங்கிப் பிடிக்கிறது. ஏ.சி.பி.யின் விளிம்பு 9.1 மி.மீ.; கூட்டைவிட மயிரிழை அளவே வெளியே தெரியும். விளிம்புக்கு மேல் ஒரு பள்ளம் ஓடும். பிஸ்டலின் கொக்கி அதைப் பற்றித்தான் காலிக் கூட்டை வெளியே இழுக்கிறது. ஐரோப்பிய முறையில் இப்படிப்பட்ட அரை விளிம்புத் தோட்டாவின் அளவுக்குப் பின்னால் ‘எஸ்.ஆர்.’ என்ற இரு எழுத்துகளைச் சேர்ப்பார்கள். ‘ஆர்.’ என்று மட்டும் இருந்தால் முழு விளிம்பு. எழுத்தே இல்லாவிட்டால் விளிம்பு கூட்டின் தடிமனுக்கு மேல் துருத்தாத வகை.

மூன்றாவதைக் கண்ணால் பார்க்க முடியாது. சாமி வரம்பில் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 15,000 பவுண்டு அழுத்தம்; .32 ஏ.சி.பி. 20,500. சிறிய தோட்டாவுக்குத்தான் அழுத்தம் அதிகம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஏ.சி.பி. தோட்டாவின் அந்தச் சின்ன விளிம்பே ரிவால்வர் உருளையில் அதைத் தாங்கிக்கொள்ளப் போதுமானதாக இருந்துவிடுகிறது. பல ரிவால்வர்களில் போட்டால் உட்காரும், சுட்டால் வெடிக்கவும் செய்யும். ‘போகிறதே, அப்படியானால் சரிதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 15,000 பவுண்டுக்குச் செய்த உருளை, அதிலும் நூறு வருடப் பழைய ரிவால்வராக இருந்தால், ஒரு நாள் பிளந்துகொள்ளும். எதிர்த்திசைத் தவறு அவ்வளவு அபாயமில்லை. ரிவால்வர் தோட்டா பிஸ்டலின் மேகசினுக்குள் நுழையாது.

வாங்கும்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, குழலின் பக்கவாட்டிலோ சட்டத்திலோ பொறித்திருப்பதை ஒரு எழுத்து விடாமல் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் எண்ணை மட்டும் சொல்லாமல் அந்த முழுப் பெயரையும் காட்டுங்கள். அட்டைப்பெட்டியின் மேல் உள்ள பெயரை அதனுடன் ஒப்பிடுங்கள். பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு மூன்று தோட்டாக்களின் அடியில் உள்ள பொறிப்பையும் பாருங்கள்; பழைய பெட்டியில் வேறு தோட்டாவைப் போட்டு வைப்பது வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. பொறிப்பு தேய்ந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் கூட்டின் நீளத்தையும் விளிம்பின் விட்டத்தையும் அளக்கலாம். எக்காரணம் கொண்டும் துப்பாக்கிக்குள் போட்டுப் பார்த்து ‘சரியா’ என்று சோதிக்காதீர்கள். மேலே சொன்ன காரணத்தால் அந்தச் சோதனை பொய் சொல்லும்.

பழைய ரிவால்வரில் ‘.32 எஸ் அண்ட் டபிள்யூ’ என்று, ‘லாங்’ இல்லாமல் பொறித்திருந்தால் அது இன்னும் குட்டையான, இன்னும் மென்மையான தோட்டாவுக்கானது. அதற்கு லாங் வாங்காதீர்கள்.

9 மி.மீ. என்றால் உலகமெங்கும் ஒன்றுதானா? லூகர், பாராபெல்லம், குர்ஸ், மக்காரோவ் என்றெல்லாம் வருகிறதே?
(யாழ்ப்பாணம்)

லூகரும் பாராபெல்லமும் ஒன்றே. 9×19, 9 மி.மீ. நேட்டோ என்று சொல்வதும் அதே அளவைத்தான். ஜெர்மனியின் டி.டபிள்யூ.எம். நிறுவனத்துக்காக கியோர்க் லூகர் 1900-களின் தொடக்கத்தில் வடிவமைத்த தோட்டா இது. ‘பாராபெல்லம்’ அந்த நிறுவனத்தின் தந்தி முகவரி; ‘அமைதியை விரும்பினால் போருக்குத் தயாராகு’ என்ற லத்தீன் வாசகத்தின் கடைசிச் சொற்கள். அமெரிக்காவில் லூகர் என்றும் ஐரோப்பியப் பேச்சில் பாராபெல்லம் என்றும் வழங்குகிறது. இந்தியப் படைகளின் 9 மி.மீ. பிஸ்டலும் ஸ்டெர்லிங் வகைக் கார்பைனும் இதைத்தான் சுடுகின்றன.

குர்ஸ் வேறு. 9×17 அளவுள்ள அதற்கு .380 ஏ.சி.பி., 9 மி.மீ. பிரவுனிங் ஷார்ட், 9 மி.மீ. கோர்ட்டோ என்று பல பெயர்கள். குர்ஸ், கோர்ட்டோ, ஷார்ட் மூன்றுமே ‘குட்டை’ என்பதைத்தான் ஜெர்மன், இத்தாலியம், ஆங்கிலத்தில் சொல்கின்றன. குண்டின் விட்டம் லூகருக்கு உள்ளதே. ஆனால் கூடு 2 மி.மீ. குட்டை, அழுத்தம் 21,500 பவுண்டு. லூகருக்கு 35,000.

அந்த 2 மி.மீ. ஏன் பெரிய விஷயம்? விளிம்பு துருத்தாத பிஸ்டல் தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) நிறுத்துவது கூட்டின் வாய்தான். குழலின் உட்புறத்தில் ஒரு படி இருக்கும். கூட்டின் வாய் அதில் முட்டி நிற்கும். 19 மி.மீ.க்கு வெட்டிய சேம்பரில் 17 மி.மீ. கூட்டைப் போட்டால் படியை எட்டாது. தோட்டா முன்னே போய்விடும். சுத்தியல் ஊசி சில நேரம் எட்டாது. கொக்கி பிடித்துக்கொண்டிருந்தால் சில நேரம் வெடிக்கும். பிஸ்டல் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளும். ‘பிஸ்டல் பழுது’ என்று கொண்டுபோகும் பலவற்றில் பழுது மேகசினில் இருக்கும் தோட்டாவின் பெயரில்தான் இருக்கிறது.

மக்காரோவ் இன்னொரு கிளை. 9×18. சோவியத் ராணுவம் 1951-இல் ஏற்ற பிஸ்டலின் தோட்டா. பெயரில் 9 என்று இருந்தாலும் குண்டு 9.27 மி.மீ.; லூகரின் குண்டு 9.02 தான். குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளங்களில் மேட்டுக்கு மேடு அளந்தால் ஒரு எண், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் வேறு எண். சோவியத் முறையில் மேட்டை அளந்து பெயர் வைத்தார்கள். 7.65 பிரவுனிங் குண்டு உண்மையில் 7.9 மி.மீ. இருப்பதற்கும் அதே காரணம்தான்.

இத்தாலியின் 9 மி.மீ. கிளிசென்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியளவு 9×19 தான். ஆனால் 1910-ஆம் வருட மாதிரியான அந்தப் பிஸ்டலின் அமைப்பு வலுவற்றது என்பதால் மருந்தைக் குறைத்தே அடைத்தார்கள். அதில் லூகர் தோட்டா அப்படியே பொருந்தும். அருங்காட்சியகப் பொருளாக அந்தப் பிஸ்டலைச் சேகரிப்பவர்கள் அதைச் சுடாமல் இருப்பதே நல்லது.

நேர் எதிரான ஒன்றும் உண்டு: 7.62×25 டோகரெவ், 7.63×25 மவுசர். பெயரில் 0.01 மி.மீ. வேறுபாடு காட்டினாலும் குண்டுகள் ஒரே அளவு. சோவியத் பொறியாளர்கள் ஜெர்மன் தோட்டாவிலிருந்து உருவாக்கியதுதான் டோகரெவ். எனினும் டோகரெவ் தோட்டாக்கள் பொதுவாக வலுவாக அடைக்கப்பட்டவை. பழைய மவுசர் பிஸ்டலில் அவற்றைப் போடக் கூடாது.

ஆயுத விதிகளில் ‘.380’ தடை செய்யப்பட்ட போர் என்று வருகிறது. அது .380 ஏ.சி.பி.யா?
(சட்டக் கல்லூரி மாணவி, சென்னை)

இல்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் அந்த வரியை முழுதாகப் படியுங்கள். .380, .455 விளிம்புள்ள தோட்டாக்களையோ, ராணுவ 9 மி.மீ. அல்லது .45 விளிம்பற்ற தோட்டாக்களையோ ஏற்றுச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் என்றுதான் இருக்கிறது. ‘விளிம்புள்ள’ என்ற சொல்லே விடை. .380 ஏ.சி.பி.க்குத் துருத்தும் விளிம்பு கிடையாது. இங்கே சொல்லப்படுவது என்ஃபீல்டு, வெப்லி ரிவால்வர்கள் சுட்ட பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா. .380/200 என்றும் அதற்குப் பெயர். இரண்டாவது எண் 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டைக் குறிக்கிறது. பின்னால் குண்டின் எடையை 178 கிரெயினாகக் குறைத்து மேலே உலோக உறை போட்டார்கள்.

இந்தத் தோட்டா அமெரிக்க .38 எஸ் அண்ட் டபிள்யூவின் அளவைக் கொண்டது. விதியில் ‘ஏற்றுச் சுடக்கூடிய’ என்று இருப்பதைக் கவனியுங்கள். துப்பாக்கியின் மேல் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்பதைவிட அதன் சேம்பர் எதை ஏற்கும் என்பதே அளவுகோல். .38 எஸ் அண்ட் டபிள்யூ என்று பொறித்த தனியார் ரிவால்வரும் ராணுவத் தோட்டாவை ஏற்கும்.

இதை .38 ஸ்பெஷலோடும் போட்டுக் குழப்பாதீர்கள். .38 எஸ் அண்ட் டபிள்யூவின் குண்டு .361 அங்குலம், கூடு தடித்தது, குட்டையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த அளவு ரிவால்வர்கள் பலவற்றின் உருளையைக் குடைந்து .38 ஸ்பெஷல் போகும்படி மாற்றி விற்றார்கள். துளையின் பின்பகுதி தளர்வாக இருப்பதால் அப்படிப்பட்டவற்றில் சுட்டபின் கூடுகள் நடுவில் உப்பியோ நெடுக்கில் பிளந்தோ வெளியே வரும். காலிக் கூடு அந்த உருவத்தில் கிடைத்தால் துப்பாக்கி குடையப்பட்டது என்று நிபுணர் ஊகிக்க அதுவே போதும்.

வெளிநாட்டுத் தோட்டாப் பெட்டியில் ‘9 மி.மீ. லூகர் பிளஸ் பி, 124 கிரெயின், ஜே.எச்.பி.’ என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்?
(கோலாலம்பூர்)

முதல் பகுதி எந்தத் துப்பாக்கிக்கு என்பதைச் சொல்கிறது, மேலே விளக்கிவிட்டோம்.

‘பிளஸ் பி’ வழக்கமான வரம்பைவிட அழுத்தம் கூடியது. 9 மி.மீ. லூகருக்கு 35,000-த்திலிருந்து 38,500; .38 ஸ்பெஷலுக்கு 17,000-த்திலிருந்து 20,000; .45 ஏ.சி.பி.க்கு 21,000-த்திலிருந்து 23,000. பிளஸ் பி சுடலாம் என்று தயாரிப்பாளர் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே சுட வேண்டும். ‘பிளஸ் பி பிளஸ்’ என்று இரட்டை அடையாளம் உள்ளதற்குச் சாமி வரம்பு எதையும் வைக்கவில்லை; எவ்வளவு அழுத்தம் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் தொடாமல் விடுங்கள்.

124 கிரெயின் குண்டின் எடை. மருந்தின் எடை அல்ல. பலர் தவறுவது இங்கேதான். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிராமுக்கு 15.43. ஆகவே 124 கிரெயின் என்பது 8 கிராம். 9 மி.மீ.யில் 115, 124, 147 வழக்கம்; .38 ஸ்பெஷலில் 158; .45 ஏ.சி.பி.யில் 230, அதாவது ஏறக்குறைய 15 கிராம். ஆனால் பழைய .44-40 போன்ற பெயர்களில் இரண்டாவது எண் அந்நாளைய கரிமருந்தின் எடை: 40 கிரெயின். .380/200-இல் குண்டின் எடை, .44-40-இல் மருந்தின் எடை; இரண்டாவது எண்ணுக்குப் பொது விதி கிடையாது.

ஜே.எச்.பி. என்றால் மேலே உலோக உறை, முனையில் குழி. உடலில் பட்டதும் விரியும்படி செய்தது. எஃப்.எம்.ஜே. முழு உறை போட்ட குண்டு, எல்.ஆர்.என். உறையில்லாத உருண்டை முனை ஈயக் குண்டு. விரியும் குண்டுகளையெல்லாம் ‘டம்டம்’ என்று எழுதுவது செய்தித்தாள் வழக்கம். அந்தப் பெயர் கொல்கத்தா அருகே உள்ள டம்டம் ஆயுதச்சாலையில் 1890-களில் செய்த .303 ரைஃபிள் குண்டிலிருந்து வந்தது. போரில் விரியும் குண்டுகளைத் தடுத்தது 1899-இன் ஹேக் பிரகடனம்.

மேக்னம் என்பது ஒரு அளவா?
(சேலம்)

அளவு அல்ல. ஷாம்பெயினில் 1.5 லிட்டர் பெரிய பாட்டிலுக்கு வைத்த பெயரைத் தோட்டா வணிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே விட்டத்தில் முன்பிருந்த தோட்டாவைவிட நீண்டது, வலுவானது என்று மட்டும் பொருள். ‘மேக்னம் துப்பாக்கி’ என்று சொன்னால் எதுவும் தெரியாது; .357-ஆ, .44-ஆ, .22-ஆ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். .22 மேக்னம் கூடு .22 லாங் ரைஃபிளைவிடத் தடிமனானது. ஒன்றின் துப்பாக்கியில் மற்றதைச் சுடவே கூடாது.

சுடுதல் போட்டியில் சென்டர் ஃபயர் பிரிவில் .32 பயன்படுத்துகிறார்களே, ஏன் தட்டையான குண்டு?
(மாணவர், கோவை)

25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவுக்குச் சர்வதேச விதி 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை அனுமதிக்கிறது, அதாவது .30 முதல் .38 வரை. அந்த எல்லைக்குள் உதைப்பு மிகக் குறைவாக இருப்பது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்பதால் வீரர்கள் அதை விரும்புகிறார்கள். தட்டைக் குண்டுக்கு ‘வாட்கட்டர்’ என்று பெயர். உருண்டை முனை காகிதத்தைக் கிழித்து ஓரம் பிசிறாக விடும். தட்டை முனை சுத்தமான வட்டத் துளை போடும். துளையின் ஓரம் மதிப்பெண் வளையத்தின் கோட்டைத் தொட்டதா என்று பார்க்கும் இடத்தில் இது மதிப்பெண்ணை மாற்றிவிடும். பெட்டியில் வாட்கட்டர் என்று இல்லாமல் சாதாரண .32 லாங் வாங்கினால் குண்டு கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போட்டிப் பிஸ்டலின் மேகசினில் நுழையாது.

ரேபிட் ஃபயர் பிரிவில் சுடுவது .22 லாங் ரைஃபிள். பெயரில் ரைஃபிள் என்று இருந்தாலும் பிஸ்டலுக்கும் அதுவே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றது அந்தப் பிரிவில்தான். .22-இல் தனிப் பிரைமர் கிடையாது. எரியூட்டும் கலவை விளிம்பின் உட்புறம் முழுதும் இருக்கும். அதனால்தான் மற்றவற்றை நடுவில் பற்றுவது என்ற பொருளில் ‘சென்டர் ஃபயர்’ என்கிறார்கள்.

தோட்டாவின் அடியில் ‘கே.எஃப்.’, ‘2இசட்’ என்ற எழுத்துகள். என்ன அவை?
(வேலூர்)

கே.எஃப். என்பது புனே அருகே கட்கியில் உள்ள வெடிபொருள் தொழிற்சாலை; ஆங்கிலேயர் காலத்தில் கிர்க்கி என்று எழுதியதால் கே. ‘2இசட்’ என்பது பிரிட்டிஷ் முறையில் இரண்டாம் மார்க், அதாவது இரண்டாம் மாதிரி. இசட் என்ற எழுத்து நைட்ரோசெல்லுலோஸ் மருந்து அடைத்தது என்பதைக் காட்டும். கூடவே உள்ள இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருடம். வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் நேட்டோ தரம். எழுத்து ராணுவத் தயாரிப்பைக் காட்டினால் அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

காலமான அப்பாவின் பீரோவில் நான்கு பழைய தோட்டாக்களும் சில காலிக் கூடுகளும் கிடந்தன. ரிவால்வரை அவர் எப்போதோ விற்றுவிட்டார். உரிமம் எங்களிடம் இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

தூக்கிப் போடாதீர்கள் அம்மா. குப்பையிலோ குளத்திலோ அடுப்பிலோ எதிலும் வேண்டாம். பழைய பிரைமர் சூடுபட்டாலும் அடிபட்டாலும் இன்னும் வெடிக்கும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு துப்பாக்கிக்கு மட்டுமன்றித் தோட்டாவுக்கும் உரிமம் கேட்கிறது. 2-ஆம் பிரிவில் ‘தோட்டா’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும் சேரும். ஆகவே காலிக் கூடுகளையும் சேர்த்தே ஒப்படைப்பது நல்லது. 21-ஆம் பிரிவு, வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனவற்றைத் தாமதமின்றி அருகில் உள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது.

முதலில் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்கிறார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். எழுத்து மூலம் ஒரு கடிதம் கொடுங்கள். அதில் எத்தனை தோட்டா, எத்தனை காலிக் கூடு, ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள பொறிப்பு என்ன, எங்கே எந்தத் தேதியில் கிடைத்தது, அப்பாவின் பழைய உரிம எண் தெரிந்தால் அது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இறப்புச் சான்றிதழின் நகலை இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அப்பாவின் பழைய பெட்டிகள், பைகள், கோட்டுப் பைகள் எல்லாவற்றையும் ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள். விமான நிலையச் சோதனையில் ஒற்றைத் தோட்டாவோடு பிடிபடுபவர்களில் பலர் அது தங்கள் பையில் இருந்ததே தெரியாமல் வந்தவர்கள். அறிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன என்றாலும், அது பின்னால் வழக்கில் பேச வேண்டிய வாதம். அன்றைய விமானம் போய்விடும்.